‘சீல் உடையாத’ 1/24 ஸ்பிட்ஃபயர் கிட் வாங்கப் போகிறவர்கள் கவனிக்க

பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் செய்த 1/24 அளவு (நிஜத்தில் 24-ல் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் எம்கே 1ஏ போர் விமானக் கிட் (பாகங்களை ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாடல்) ஒன்று, “1970 முதல் பதிப்பு, சீல் உடையாதது” என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடியும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நாகர்கோவிலில் ஒரு நண்பர் இதே பெட்டியை 14,500 ரூபாய்க்கு வாங்கினார். பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். பாதிப் பணம்தான் கைக்கு வந்தது. இப்போது அதே பெட்டிக்குப் புது பிளாஸ்டிக் உறை போட்டு அடுத்த ஆளைத் தேடுகிறார்கள். மூடியின் வலது கீழ் மூலையில் விலைச் சீட்டைக் கிழித்தெடுத்த சதுரத் தடம் ஒன்றும், நீளப் பக்கவாட்டில் ஈரம் ஏறி உப்பிய அட்டையும் இருந்தால் அந்தப் பெட்டிதான். தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் புதிதாக இந்தப் பொழுதுபோக்குக்கு வந்திருக்கும் பிள்ளைகள் நிறைய பேர். அவர்கள் காசு போகக் கூடாது என்பதற்காகவே விவரமாக எழுதுகிறோம்.

உள்ளே இருந்தது இதுதான். விண்ட்ஸ்கிரீன் இல்லை, கண்ணாடிப் பாகங்களின் ஸ்ப்ரூவில் (பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்தில்) அது இருந்த இடம் காலி. எஞ்சின் மூடித் தகடுகளில் ஒன்று இல்லை. உடற்பகுதியின் ஒரு பாதியில் விமானி இருக்கையின் சட்டத்தை யாரோ ஏற்கெனவே ஒட்டி, பிய்த்தெடுத்து, பசை வழிந்த தடத்தோடு திரும்ப வைத்திருந்தார்கள். டீக்கல் தாள் (தண்ணீரில் நனைத்து விமானத்தில் ஒட்டும் சின்னங்கள், எழுத்துகள் உள்ள தாள்) மஞ்சளாகி, மேலே வைத்த மெல்லிய தாளோடு ஒட்டிப் போயிருந்தது. இறக்கையின் அடிப்பக்கத்தில் டயர் உருகிப் பதிந்திருந்தது.

பழைய பெரிய கிட்களில் சக்கர டயர் பெரும்பாலும் மென்மையான வினைலில் வரும். வினைலை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற சேர்மம் வருஷக்கணக்கில் மெல்லக் கசியும். அது கிட்டின் பாகங்கள் செய்திருக்கும் பாலிஸ்டைரீனில் பட்டால் பிளாஸ்டிக் இளகிவிடும். டயர் எந்த இடத்தில் சாய்ந்து கிடந்ததோ அந்த இடம் குழிந்து, டயரின் வரி அச்சு போலப் பதிந்திருக்கும். விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். சூடு கூடினால் கசிவு வேகமாகும். ஓட்டு வீட்டு மச்சிலும் காங்கிரீட் வீட்டு லாஃப்டிலும் வைத்த பெட்டிகளில் இது அதிகம். இறக்கையில் பட்டிருந்தால் வழி உண்டு: டயரைப் பிரித்தெடுத்து, அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, சில வாரம் காற்றோட்டமாக வைத்து இறுகவிட்டு, சுரண்டிப் புட்டி போட்டு, 400, 800, 1000 என்று உப்புத்தாள் மாற்றித் தேய்த்தால் சரியாகிவிடும். கேனபியில் (விமானி அறையின் கண்ணாடி மூடியில்) பட்டிருந்தால் அந்தப் பாகம் போனதுதான். எந்தப் பழைய கிட் வந்தாலும் முதல் வேலையாக டயர்களை எடுத்துத் தனி பாலித்தீன் ஜிப் கவரில் போடுங்கள்.

பெட்டிக்குள் இவ்வளவு நடந்திருக்க, வெளியே சீல் மட்டும் எப்படி உடையாமல் இருந்தது? அது ஆலை போட்ட சீலே இல்லை. சூடு பட்டால் சுருங்கி இறுகும் ஷ்ரிங்க் ராப் ஃபிலிமும், சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னும் பேக்கிங் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். பத்து நிமிஷ வேலை. போதாததற்கு, அந்தக் காலத்துக் கிட் எல்லாமே ஆலையிலிருந்து உறை போட்டு வந்தவை கிடையாது. ஆகவே உறை இருக்கிறது என்பது எதற்கும் சாட்சி ஆகாது. புதிதாகப் போட்ட உறையைக் கண்டுபிடிக்க மூடியின் மூலைகளைப் பாருங்கள். அட்டையின் மூலை தேய்ந்து வெள்ளை தெரிகிறது, அதன்மேல் இருக்கும் ஃபிலிமில் ஒரு கீறல்கூட இல்லை என்றால், பெட்டி பல வருஷம் வெறுமனே கிடந்து தேய்ந்த பிறகுதான் ஃபிலிம் ஏறியிருக்கிறது. கிழித்த ஸ்டிக்கரின் பசைத் தடம், தூசி, பழைய செலோடேப்பின் பழுப்புக் கோடு ஆகியவை ஃபிலிமுக்கு அடியில் தெரிந்தாலும் அதே கதைதான். நாகர்கோவில் நண்பருக்கு வந்த பெட்டியில் அந்த விலைச் சீட்டுத் தடம் ஃபிலிமுக்கு உள்ளேதான் இருந்தது.

“முதல் பதிப்பு” என்ற பேச்சையும் அட்டையை வைத்தே சோதிக்கலாம். இந்தக் கிட் முதலில் வந்தது 1970-ல். அப்போது கடைப் பொருள்களில் பார்கோடு என்பதே கிடையாது. அமெரிக்காவில் முதல் பொருள் பார்கோடு மூலம் விற்கப்பட்டதே 1974-ல்தான். பெட்டியில் பார்கோடு இருந்தால் அது பின்னால் வந்த பதிப்பு. ஏர்ஃபிக்ஸ் 1981-ல் பாலிடாய் கைக்கும், 1986-ல் ஹம்ப்ரால் கைக்கும், 2006-ல் ஹார்ன்பி கைக்கும் போனது. பெட்டியிலோ வழிமுறைத் தாளிலோ இந்தப் பெயர்களில் எது இருக்கிறது என்று பார்த்தாலே காலம் தெரிந்துவிடும். பின்னால் வந்த பதிப்பு மோசம் என்று சொல்லவில்லை. கட்டுவதற்கு அதுதான் நல்லது, டீக்கலும் புதிதாக இருக்கும். முதல் பதிப்பின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பணம் அனுப்பும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டியவை: வழிமுறைத் தாளில் பாக எண்கள் உள்ள பக்கத்தின் படம், ஒவ்வொரு ஸ்ப்ரூவையும் கறுப்புத் துணியில் தனித்தனியாக விரித்து, பக்கத்தில் உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய துண்டுச் சீட்டோடு எடுத்த படம், கண்ணாடிப் பாகங்களை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்த படம், டீக்கல் தாளின் இரண்டு பக்கமும். பிறகு தாளில் உள்ள எண்களை ஸ்ப்ரூவோடு ஒன்றொன்றாக ஒப்பிட்டு டிக் அடியுங்கள். பாகம் தனியாகக் கழன்று கிடந்தால் அது ஸ்ப்ரூவோடு சேர்ந்திருந்த முனையின் (கேட்) தடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அடிபட்டுத் தானாகக் கழன்றது வெளுத்து முறிந்திருக்கும். கத்தி வைத்து வெட்டியது மழமழவென்று இருக்கும். அப்படி வெட்டியிருந்தால் யாரோ கட்ட ஆரம்பித்த கிட் அது.

இதற்கு வரும் பதில் எப்போதும் ஒன்றுதான்: “அண்ணா, சீல் உடைச்சா வேல்யூ போயிடும்.” சேகரித்து அலமாரியில் வைப்பவருக்கு அது பொருந்தலாம். கட்டப் போகிறவர் திறந்த, எண்ணிப் பார்த்த பெட்டியைத்தான் வாங்க வேண்டும். சிறிய 1/72 கிட்டில் ஒரு கேனபி போனால் இன்னொரு கிட்டையே வாங்கிக்கொள்ளலாம். 1/24-ல் இது ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரை 47 சென்டிமீட்டருக்குப் பக்கம் வரும் விமானம். ஒரு விண்ட்ஸ்கிரீனுக்காக இன்னொரு பெட்டி வாங்க யாருக்குக் கட்டுப்படியாகும்?

இன்னொரு ஏமாற்றும் இதோடு சேர்ந்து நடக்கிறது. முன்பணம் வாங்கிய பிறகு “பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறது, டூட்டி கட்டணும்” என்று தன் சொந்த யுபிஐ எண்ணுக்கே மேலும் பணம் கேட்பார்கள். பொம்மை, மாடல் கிட் இறக்குமதிக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-ல் 20-லிருந்து 60 சதவீதமாகவும், 2023-ல் 70 சதவீதமாகவும் ஏறியது உண்மை. அதனால்தான் இந்தப் பேச்சு எடுபடுகிறது. ஆனால் வெளிநாட்டுப் பார்சலுக்கான வரியை அஞ்சல்துறையோ கூரியர் நிறுவனமோ மதிப்பீட்டுத் தாளோடு வாங்கும், விற்பவரின் ஜிபேக்குப் போகாது. தன் கையில் இருப்பதாகப் படம் காட்டிய பெட்டி கஸ்டம்ஸில் எப்படி நிற்கும் என்று அவரிடமே கேளுங்கள்.

டீக்கல் மட்டும்தான் பழுது என்றால் விலையைக் குறைத்துப் பேசி வாங்கலாம். மஞ்சள் தாளை ஜிப் கவரில் போட்டு, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் சில வாரம் ஒட்டி வைத்தால் வெளுக்கும். நம் ஊரில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் இதற்கு ஏற்ற காலம். மழைக்காலத்தில் செய்தால் தாள் ஈரம் இழுத்துப் பூஞ்சை பிடிக்கும். பிறகு தேவைப்படாத சின்ன எழுத்து ஒன்றை வெட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் போடுங்கள். நொறுங்கினால் தாள் முழுவதும் பளபளப்பு கிளியர் லாக்கரை மெல்லிசாக இரண்டு கோட் அடித்து ஒரு நாள் உலரவிட்டு, ஒவ்வொரு குறியையும் ஓரத்தை ஒட்டி வெட்டிப் பயன்படுத்துங்கள். மெல்லிய தாளோடு ஒட்டிப் போனது மீளாது. ஆனால் வட்டச் சின்னங்களை வண்ணம் அடித்தே போட்டுவிடலாம். மேல் இறக்கையின் சிவப்பு-நீல வட்டம் நிஜத்தில் 56 அங்குலம்; 1/24-க்கு 5.9 சென்டிமீட்டர். நடுச் சிவப்பு அதில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 2.4 சென்டிமீட்டர் விட்டம். மாஸ்கிங் ஷீட்டை (வண்ணம் படாமல் மறைக்கும் ஒட்டுத்தாளை) வட்டமாக வெட்டும் காம்பஸ் கட்டரால் வெட்டி வண்ணம் அடித்தால் டீக்கலைவிட நன்றாகவே வரும்.

பார்சல் வந்ததும் முகவரிச் சீட்டு தெரியும்படி வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தாமல் கடைசிக் கவர் வரை பிரியுங்கள். எண்ணி முடிக்கும்வரை ஒரு பாகத்தைக்கூட வெட்டாதீர்கள். ஒன்றை வெட்டினாலும் “நீங்கதான் தொலைச்சீங்க” என்பார்கள். பணம் வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போனால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறும் முன் முடக்க வாய்ப்பு உண்டு. தொழிலாக விற்பவர், குறையுள்ள பொருளைக் கொடுத்தவர் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. சாட், யுபிஐ ரசீது, அவர் அனுப்பிய படங்கள், பிரித்த வீடியோ எல்லாவற்றையும் வேறொரு இடத்திலும் சேமித்து வையுங்கள். நாகர்கோவில் நண்பருக்குப் பாதிப் பணமாவது திரும்பியது, “சீல்டு, கம்ப்ளீட்” என்று விற்பவர் எழுதிய செய்தியை, அவர் அழிக்கும் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததால்தான்.