348 பவுண்டு போச்சு: தீம் பார்க் டிக்கெட் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

சனிக்கிழமை நடந்தது, இன்று செவ்வாய். மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை. 348 பவுண்டு. எழுதித் தொலைத்தால்தான் ஆறும் போலிருக்கிறது. இங்கிலாந்தில் இருப்பவர்கள், அதுவும் கோடை லீவுக்கு ஊரிலிருந்து பெரியவர்களை வரவழைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது ஸ்லவ். திருநெல்வேலியிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருக்கிறார்கள். பையனுக்கு 14, பொண்ணுக்கு 8. எல்லோருமாக ஒருநாள் தீம் பார்க் போகலாம் என்று பேச்சு எடுத்ததுதான் தாமதம், வீடு நாலு கட்சியாகப் பிரிந்துவிட்டது. பையனுக்குத் தோர்ப் பார்க்தான் வேண்டும், ஏனென்றால் 2024-இல் திறந்த ஹைப்பீரியா அங்கே இருக்கிறது, 236 அடி, இந்த நாட்டிலேயே உயரமான ரோலர் கோஸ்டர், வகுப்பில் இவனைத் தவிர எல்லோரும் ஏறிவிட்டார்களாம். பொண்ணுக்குச் செசிங்டன். அது 1931-இல் மிருகக்காட்சிசாலையாகத் தொடங்கி 1987-இல் தீம் பார்க்கும் சேர்ந்துகொண்ட இடம், விலங்குகள் இன்னும் உண்டு, அவளுக்கு அது போதும். மனைவி, "கால் மணி நேரத்துல லெகோலேண்ட் இருக்கு, அதை விட்டுட்டு எதுக்கு ஊர் சுத்தணும்?" என்றாள். மாமா மட்டும், "உட்கார நிழல் எங்க இருக்கோ அங்க போவோம் மாப்ளே" என்றார். நாலு பேரில் உருப்படியாகப் பேசியவர் அவர்தான். எனக்குத்தான் அப்போது உறைக்கவில்லை.

நான் செய்த காரியம், ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து எந்தப் பார்க் நல்லது என்று தேடியது. அப்போதுதான் அந்த இணையதளம் கண்ணில் பட்டது. பெயர் சொல்லப் போவதில்லை. பார்க்குகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தி, கீழேயே டிக்கெட்டும் விற்கிற ரகம். இந்த ரகத்தில் நிறைய இருக்கின்றன, பார்த்தால் தெரிந்துகொள்வீர்கள்.

அதில் எழுதியிருந்தது எதுவும் பொய் இல்லை, வயிற்றெரிச்சல் அதுதான். ஆல்டன் டவர்ஸை முதலிடத்தில் போட்டு, ஏன் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள். அந்தப் பகுதியில் மரங்களின் உயரத்துக்கு மேல் எதையும் கட்டக்கூடாது என்று கட்டுப்பாடு இருப்பதால், 1994-இல் நெமசிஸ் கோஸ்டரைக் கட்டியபோது பாறையை வெடிவைத்துத் தோண்டிப் பள்ளத்துக்குள் இறக்கினார்கள். 1998-இல் வந்த ஒப்லிவியன் நேர் கீழே ஒரு குழிக்குள்ளேயே விழும். 2013-இல் வந்த ஸ்மைலர் பதினான்கு முறை தலைகீழாகப் புரட்டும், அது உலகச் சாதனை. உயரத்தைக் காட்டிப் பிழைக்கிற பார்க் வேறு, நிலத்தின் மேடு பள்ளத்தையே விளையாட்டாக்கின பார்க் வேறு என்று ஒரு வரி. படித்ததும், இதை எழுதினவன் வியாபாரி இல்லை, பார்க்கின்மேல் பைத்தியமாக இருக்கிற ஆள் என்று தோன்றிவிட்டது. எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று விஷயங்களை வேறு இடத்தில் சரிபார்த்தேன், எல்லாம் சரி. விஷயம் சரியாக இருந்தால் ஆளும் சரியாகத்தான் இருப்பான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். யாரோ உழைத்து எழுதினதை அப்படியே வழித்து எடுத்துப் போட்டிருப்பான் என்று இப்போது தோன்றுகிறது.

மூலையில் ஒரு சாட் பெட்டி. பொண்ணு 1.22 மீட்டர், அவளுக்கு அங்கே ஏதாவது தேறுமா என்று கேட்டேன். ஒரு நிமிடத்தில் பதில்: "ஸ்மைலர் முடியாது சார், அதற்கு 1.4 மீட்டர் வேண்டும். விக்கர் மேன் மரக் கோஸ்டருக்கு 1.2 போதும், பெரியவர் ஒருவர் கூட ஏற வேண்டும், மகள் ஏறலாம்." அதுவும் உண்மை! முடியாது என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் முடியும் என்றான் பாருங்கள், அங்கேதான் நான் விழுந்தேன். விற்க வந்தவன் எல்லாவற்றுக்கும் ஆமாம்தானே போடுவான், இவன் இல்லை என்கிறானே என்று.

ஆல்டன் டவர்ஸுக்கு ஆளுக்கு 58 பவுண்டு, நுழைவு, வரிசை தாண்டிப் போகிற பாஸ்ட்ராக், பார்க்கிங் எல்லாம் சேர்த்து. ஆறு பேருக்கு 348. பாஸ்ட்ராக் தனியாக வாங்கினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இந்த விலை எவ்வளவு இனித்திருக்கும் என்று புரியும். ரோலர் கோஸ்டர் ஏறாத மாமாவுக்கும் அத்தைக்கும்கூட 58 கொடுக்கிறோமே என்று ஒரு நொடி உறுத்தியது, சரி, பிரிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கார்டு போட்டேன், போகவில்லை. இன்னொரு கார்டு, அதுவும் போகவில்லை. சாட்டில் கேட்டால் "கார்டு வசதி பராமரிப்பில் இருக்கிறது சார், வங்கி டிரான்ஸ்பர் செய்யுங்கள், இந்த விலை இன்னும் பதினெட்டு நிமிடம்தான்". மேலே சிவப்பில் கடிகாரம் வேறு குறைந்துகொண்டே வருகிறது. வங்கி ஆப்பில் கணக்கு எண்ணைப் போட்டதும், பெயர் பொருந்தவில்லை என்று முழுத் திரைக்கும் எச்சரிக்கை வந்தது. நான் போட்டது கம்பெனிப் பெயர், கணக்கு யாரோ தனி ஆளுடையது. கேட்டேன். "எங்கள் கணக்காளர் பெயரில் இருக்கிறது சார், வழக்கம்தான்." கட்டைவிரல் அந்தப் பொத்தானுக்கு மேலே நின்றது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பக்கத்தில் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிக் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றிருப்பாள், அதனாலேயே எழுப்பவில்லை என்று நினைக்கிறேன். அழுத்திவிட்டேன். 348 பவுண்டு.

பத்து நிமிடத்தில் ஆறு பிடிஎஃப் வந்தது, ஒவ்வொன்றிலும் ஒவ்வொருவர் பெயர். பிரிண்ட் எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மாமா கையில் கொடுத்தேன், பாஸ்போர்ட் மாதிரி வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினோம். ஆல்டன் டவர்ஸ் இருக்கிற ஸ்டாஃபோர்ட்ஷையர் போக மூன்று மணி நேரம். அத்தை எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பிளாஸ்க்கில் காபி எல்லாம் கட்டியிருந்தார். வாசலில் வரிசை, வெயில், எல்லோரும் குஷி. ஸ்கேன் செய்கிற பெண் முதல் தாளை வைத்தார், சிவப்பு. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார், சிவப்பு. இரண்டாவது தாள், மூன்றாவது தாள். அப்புறம் இரண்டு தாளைச் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெயர்தான் வேறு வேறு, ஆறு தாளிலும் ஒரே க்யூஆர் கோடு! அதுவும் அன்று காலையில் யாரோ பயன்படுத்தி உள்ளே போய்விட்ட கோடு. ஒரு நிஜ டிக்கெட்டை எங்கிருந்தோ பிடித்து எத்தனை பேருக்கு அச்சடித்து விற்றானோ. அந்தப் பெண் ரொம்பத் தன்மையாகத்தான் பேசினார், "எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டார், எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. பின்னால் நின்றவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கினார்கள்.

மாமா சொன்னார், "விடுங்க மாப்ளே, திருச்செந்தூர்ல ஸ்பெஷல் டிக்கெட் வாங்கினாக்கூட உள்ள விட்டுருவான்." சிரிக்க வைக்கத்தான் சொன்னார். பையன் ஒன்றும் பேசவில்லை, ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

ஆறு பேருக்கும் அங்கேயே வாசல் விலையில் வாங்க மனசு வரவில்லை. பார்க்கிங் காசைத் தனியாகக் கட்டிவிட்டு, பக்கத்தில் டவ்டேல் பள்ளத்தாக்குக்குப் போனோம். ஆற்றுக்குக் குறுக்கே வரிசையாகக் கல் போட்டிருக்கும், பொண்ணு அதில் நாற்பது முறையாவது இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தாவியிருப்பாள். எலுமிச்சை சாதம் அங்கே சாப்பிட்டோம். எனக்கு மட்டும் இறங்கவில்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோது நினைத்தேன், எந்தப் பார்க் நல்லது என்ற கேள்விக்கு எனக்கே பதில் தெரியுமே என்று. தோர்ப் பார்க் இரண்டு தடவை போயிருக்கிறோம். பழைய சரளைக்கல் குவாரிகளில் தண்ணீர் நிரம்பின இடம், இளவட்டங்களுக்குச் சொர்க்கம், ஸ்டெல்த் கோஸ்டர் இரண்டே நொடிக்குள் 80 மைல் வேகத்துக்குப் போய்விடும், ஆனால் 1.4 மீட்டர் இல்லாத பிள்ளையைக் கூட்டிப்போனால் அது முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வதைத்தான் நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். பொண்ணுக்கு நாலு வயதாக இருந்தபோது ஹாம்ப்ஷையரில் பால்டன்ஸ் போனோம். ஒரு குடும்பம் நடத்துகிற பார்க், பெப்பா பிக் வேர்ல்ட் அங்கேதான், 2011-இல் வந்தது. பார்க்கிங் இலவசம், ஒரு மீட்டருக்குக் குறைந்த குழந்தைக்கு டிக்கெட் இல்லை, தோட்டமும் உட்கார இடமும் தாராளம். மாமா கேட்டது அதைத்தானே! பிளாக்பூல் பிளெஷர் பீச் 1896-லிருந்து இருக்கிறது, 1935-இல் கட்டின மரக் கோஸ்டர் இருக்கிறது, ஆனால் கடற்கரை, காற்று பலமாக அடித்தால் பிக் ஒன் மாதிரி உயரமானதை நிறுத்திவிடுவார்கள். எத்தனை ரைடு, எத்தனை அடி உயரம் என்பதெல்லாம் போஸ்டரில் போட நல்லது. கூட வருகிற ஆட்களின் உயரமும் முழங்கால் வலியும் தெரிந்தால் எங்கே போகலாம் என்பது தானாக வந்துவிடும். ஆல்டன் டவர்ஸ், தோர்ப், செசிங்டன், லெகோலேண்ட் நாலும் மெர்லின் என்ற ஒரே கம்பெனியுடையது, அதில் எது முதலிடம் எது நாலாம் இடம் என்று ராத்திரி பதினொரு மணிக்குக் கண்விழித்துப் படித்த என்னை என்ன சொல்ல.

இனி அவர்கள் என்னை அலைக்கழித்த கதை. சனிக்கிழமை மதியம் காரிலிருந்தே சாட்டில் கேட்டேன். "24 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்." ஞாயிறு: "டிக்கெட் எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது, பார்க்கிடம் பேசுங்கள்." ஆறு தாளிலும் ஒரே கோடு என்று படம் எடுத்து அனுப்பினேன். "உங்கள் பிரிண்டரின் கோளாறாக இருக்கலாம்." பிரிண்டர்! பெயரை மட்டும் மாற்றி அடித்துவிட்டுக் கோடை மாற்றாமல் விடுகிற பிரிண்டர் எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்டேன், பதில் இல்லை. திங்கள் காலை ஒரு மின்னஞ்சல்: "நல்லெண்ணத்தின் அடிப்படையில் அடுத்த பயணத்துக்கு 20 சதவீதத் தள்ளுபடி." மறுபடி எழுதினேன், சாட் பெட்டியே காணோம். மனைவியின் போனில் திறந்தால் இருக்கிறது, என் போனில் இல்லை. அவள் போனில் பார்க்கும்போது வரிசை மாறியிருந்தது, இப்போது தோர்ப் பார்க் முதலிடம், அதே சிவப்புக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

வங்கிக்கு நேற்று போன் போட்டேன். முதல் கேள்வியே "எச்சரிக்கை வந்ததா? வந்தும் தொடர்ந்தீர்களா?" ஆமாம் அம்மா, தொடர்ந்தேன். 2024 அக்டோபர் 7-லிருந்து இங்கே ஒரு விதி இருக்கிறது, இந்த நாட்டுக்குள் ஏமாற்றுக்காரனுக்கு நாமே டிரான்ஸ்பர் செய்திருந்தாலும் 85,000 பவுண்டு வரை வங்கி திருப்பித் தர வேண்டும், ஆனால் 100 பவுண்டு வரை பிடித்துக்கொள்ளலாம், நாம் படுமோசமான அலட்சியமாக இருந்தோம் என்று காட்டினால் மறுக்கவும் செய்யலாம். ஐந்து வேலைநாள் என்கிறார்கள், விசாரணை இழுத்தால் 35 வேலைநாள்வரை போகலாமாம். வந்தாலும் 248தான் வரும் போலிருக்கிறது. போனது 348.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், கோபத்தில் பாதி மறந்துவிட்டது. டிக்கெட்டைப் பார்க்கின் சொந்தத் தளத்தில் மட்டும் வாங்குங்கள், தேதி குறித்து முன்கூட்டியே வாங்கினால் வாசல் விலையைவிட நன்றாகவே குறையும், மூன்றாம் ஆள் எதற்கு. கார்டு போகவில்லை, டிரான்ஸ்பர் செய் என்றால் அங்கேயே மூடிவிடுங்கள். டெபிட் கார்டாக இருந்தால்கூடச் சார்ஜ்பேக், அதாவது கட்டின பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்கலாம், டிரான்ஸ்பருக்கு அந்த வழி கிடையாது. பெயர் பொருந்தவில்லை என்று வந்தால் அழுத்தாதீர்கள், பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்புங்கள். ஏற்கனவே பணம் போயிருந்தால் 159 என்ற எண்ணுக்குப் போன் அடியுங்கள், அநேகமாக எல்லா வங்கிக்கும் அது நேராக இணைக்கும், எனக்கு இது திங்கட்கிழமைதான் தெரியும். க்யூஆர் கோடுகளை வீட்டிலேயே ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். நான் பார்த்திருந்தால் மூன்று மணி நேர டிரைவாவது மிஞ்சியிருக்கும்.

வேறு யாருக்காவது இதே மாதிரி ஒரே கோடு உள்ள டிக்கெட் வந்திருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், வங்கியிடம் சேர்த்துக் காட்டலாம். மாமா அந்தப் பிளாஸ்டிக் உறையை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார், கேட்டால் சாட்சிக்கு வேணும் மாப்ளே என்கிறார்.