நான்கு வருடமாக மேசையில் சுடும் பெட்டி

மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் இந்த மைக் ப்ரீஆம்பைத் தொட்டால் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். யாரும் பாடாவிட்டாலும் சூடுதான். கிளாஸ் ஏ சுற்றின் குணம் அது: ஒலி வந்தாலும் வராவிட்டாலும் டிரான்சிஸ்டர் வழியே மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். மாமியார் இதற்கு ‘இட்லிப் பானை’ என்று பெயர் வைத்துவிட்டார்.

1970இல் இங்கிலாந்தின் நீவ் நிறுவனம் கொண்டுவந்த 1073 மாட்யூலின் மைக் பகுதியை மட்டும் பின்பற்றிய கிட் இது, அதாவது பாகங்களாக வாங்கி நாமே சால்டர் செய்து கட்டுவது. தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் கிடையாது. உள்ளே வரும் இடத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், வெளியே போகும் இடத்தில் ஒன்று, நடுவில் ஐசி எதுவும் இல்லாமல் தனித்தனி டிரான்சிஸ்டர்கள். கடைசியில் நிற்பது 2என்3055. பழைய ஆம்பிளிஃபையர்களில் பார்த்திருப்பீர்களே, அதே உலோகத் தொப்பிக்காரர். நான் சால்டரிங் தொடங்கிய 2021இல்தான் அந்த நிறுவனத்தைத் தொடங்கிய ரூபர்ட் நீவ் காலமானார்.

இதைக் கட்டியதற்குக் காரணம் மாமனாரின் தேவாரம். அவருக்காக வாங்கிய ஷூர் எஸ்எம்7பி மைக்குக்கு 60 டெசிபலாவது பெருக்கம் வேண்டும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் என் பழைய இன்டர்ஃபேஸை அவ்வளவு திருகினால் பாட்டோடு ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் சேர்ந்து வந்தது.

பணம் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கார்ன்ஹில் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டும், பெட்டியும், மின்வழங்கியும் சேர்ந்து பர்ஸைக் காலி செய்துவிடும். சிங்கப்பூரில் அப்போது 400 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிச் சாமானுக்கு வரி இல்லை. இப்போது பெரிய இணையக் கடைகளில் 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் சேரும். சில்லறைச் சாமான்களுக்கு எலெக்ட்ரானிக் பாகக் கடைகள் உள்ள சிம் லிம் டவர் போதும். பக்கத்தில் கணினிக் கடைகள் உள்ள சிம் லிம் ஸ்குவேருக்குள் போய் ரெசிஸ்டர் தேடிக்கொண்டிருக்காதீர்கள், நான் தேடியிருக்கிறேன். சில மைக்குகளுக்குக் கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரத்துக்கான 6.8 கிலோஓம் ரெசிஸ்டர் இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். அதனால் இருபது வாங்கி வந்து, மல்டிமீட்டரில் அளந்து ஜோடி சேர்த்தேன்.

ஒரு டான்டலம் கெபாசிட்டரைத் தலைகீழாக வைத்து வெடிக்கவிட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: வாடை இரவு வரை போகவில்லை.

பெரிய தலைவலி ஹம் என்ற ரீங்கார இரைச்சல்தான். முதல் முறை போட்டதும் ஸ்பீக்கரில் தேனீக்கூடு. எர்த் கோளாறு என்று முடிவுகட்டி, இரண்டு வாரம் எர்த் வயர்களைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தேன். ஒன்றும் குறையவில்லை. ஒருநாள் மின்வழங்கியின் டொராய்டு (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி, கொஞ்சம் திருப்பி மாட்டியபோது ஹம் குறைந்தது. இன்னும் திருப்பினால் மறுபடி ஏறியது. அப்போதுதான் புரிந்தது: டொராய்டிலிருந்து கசியும் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை மைக் டிரான்ஸ்ஃபார்மர் பிடித்துக்கொள்கிறது. மைக்கின் மெல்லிய சிக்னலைத் தூக்கிவிடப் பிறந்தது அது, பக்கத்தில் கிடைக்கும் எதையும் தூக்கிவிடும். மின்வழங்கியை வேறு பெட்டிக்கு மாற்றி, ஒரு மீட்டர் கேபிளில் 24 வோல்ட்டையும் 48 வோல்ட்டையும் மட்டும் கொண்டுவந்தேன். ஹம் போனது. 230 வோல்ட் பகுதியை எலெக்ட்ரீஷியனான நண்பர் ஒருவர் பார்த்து, உலோகப் பெட்டிக்கு எர்த் சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் மேசைக்கு வந்தது.

இங்கே நீண்ட நாள் வைத்திருப்பவர்களுக்கு வேறு எதிரி உண்டு. ஈரக்காற்று. எட்டாவது மாதத்தில் கெயின் (பெருக்க அளவு) சுவிட்சைத் திருப்பினால் பட்பட்டென்று பட்டாசு. கான்டாக்ட் கிளீனர் அடித்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது முறை திருப்பினால் அடங்கும், சில மாதத்தில் திரும்ப வரும். மூன்றாம் வருடம் பொறுமை போய், மூடிய வகை சுவிட்சாக மாற்றினேன். கிட்டோடு வந்த மலிவு சுவிட்சை நான் முதல் நாளே குப்பையில் போட்டிருக்க வேண்டும்.

சரி, ஒலி? கெயினைக் குறைவாக வைத்தால் இன்டர்ஃபேஸுக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பெயரை மறைத்துப் போட்டுக் காட்டினேன், மகளுக்கும் தெரியவில்லை. கெயினை ஏற்றி அவுட்புட்டைக் குறைத்தால்தான் பெட்டி பேசத் தொடங்கும். மாமனார் மேல் ஸ்தாயியைத் தொடும்போது வரும் அந்தக் கூர்மை மழுங்கி, குரல் ஒரு படி முன்னால் வந்து உட்காரும். அவரோ, “பழைய ரேடியோவில் கேட்பதுபோல இருக்குப்பா” என்றார். பாராட்டா, குறையா என்று நான் கேட்கவில்லை.

எதிர்பாராத லாபம் மிருதங்கம். டிரான்ஸ்ஃபார்மர் முதலில் திணறுவது தாழ்ந்த ஒலியில்தான். அதனால் தொப்பிப் பக்கத்தின் ‘தோம்’ தடித்து, காதுக்கு இதமாக விழுகிறது. வலந்தலைக்கு அவ்வளவு பயன் இல்லை. மகளின் வயலினை இதில் பதிவதே இல்லை. வில்லின் உரசல் தெளிவாகக் கேட்க வேண்டும், அதற்கு இன்டர்ஃபேஸே மேல்.

பதிவெல்லாம் ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாளில் எங்கள் புளோக்கில் யாராவது சுவரைத் துளைத்துக்கொண்டிருப்பார்கள், அதற்கு எந்த டிரான்ஸ்ஃபார்மரும் உதவாது.

இரண்டாவது சேனலுக்கும் இடம் விட்டுத்தான் பெட்டி வாங்கினேன். முகப்பில் அதற்குப் போட்ட ஓட்டைகள் இன்னும் கறுப்பு டேப்புக்குப் பின்னால்தான் இருக்கின்றன.