பழைய காருக்கு ஒரு ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர்

தீப்பெட்டி அளவுதான் இருக்கிறது காரின் கணினியிலிருந்து பழுது விவரங்களைப் படிக்கும் இந்த ஈஎல்எம்327 வகை ஸ்கேனர். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் சொருகி, மொபைலோடு இணைத்தால் வேலை ஆரம்பம்.

செக் என்ஜின் விளக்கு எரிந்த என் காரில் பி0171 என்ற பழுதுக் குறியீட்டைக் காட்டியது. அதாவது கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இதைப் பார்த்ததுமே ஆக்சிஜன் சென்சாரை மாற்றக் கிளம்புகிறவர்கள் உண்டு. அவசரம் வேண்டாம்; எந்தப் பாகம் போச்சு என்று குறியீடு சொல்லாது. உண்மையில் கைகொடுத்தது லைவ் டேட்டாதான், அதாவது என்ஜின் ஓடும்போதே வரும் அளவுகள். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடும்போது ஃப்யூயல் ட்ரிம் (கலவையைச் சரிக்கட்டக் கணினி கூட்டும் அல்லது குறைக்கும் பெட்ரோல்) +22%. 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் +5%க்கு இறங்குகிறது. சரி, காற்று எங்கோ திருட்டுத்தனமாக நுழைகிறது! ஐடிலில், என்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டில் வெற்றிடம் அதிகம் என்பதால் கசிவும் அப்போதுதான் பெரிதாகத் தெரியும். தேடினால், மேனிஃபோல்டுக்குப் பின்னால் ஒரு வேக்யூம் ஹோஸ் வளைவில் காய்ந்து வெடித்திருந்தது. விரலால் லேசாக மடக்கியதும் வாயைப் பிளந்தது. புது ஹோஸ் போட்டதும் ட்ரிம் +3%.

குறை என்றால், என் வண்டியில் ஏபிஎஸ், ஏர்பேக் பழுதுக் குறியீடுகளை இது படிப்பதில்லை. சொருகியே விட்டால் பேட்டரியையும் உறிஞ்சும். அப்புறம், குறியீட்டை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரங்களை, அதாவது பழுது பதிவானபோது என்ஜின் இருந்த நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள், அதுவும் சேர்ந்தே அழிந்துவிடும். ஓபிடி சாக்கெட்டே இல்லாத கார்புரேட்டர் வண்டிக்காரர்களுக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர்கள் நல்ல மல்டிமீட்டராக வாங்கலாம்.