120 குதிரைத்திறன் என்று அச்சடித்துக் கொடுத்த தாளை நம்பி 24,000 ரூபாய் இழந்தேன்: ரீமேப் செய்யப் போகிறவர்கள் கவனத்திற்கு

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு நாள்தோறும் காரில் வேலைக்குப் போய் வருகிறேன். வண்டி 2016-ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் டீசல். நிறுவனக் கணக்கில் 4,000 ஆர்.பி.எம்.மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) 75 குதிரைத்திறன், 2,000 ஆர்.பி.எம்.மில் 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. கன்னியக்கோயில் பக்கம் லாரிகளை முந்தும்போது, பின் இருக்கையில் பிள்ளைகளும் இருந்தால், இன்னும் கொஞ்சம் இழுவை இருந்தால் நன்றாக இருக்குமே என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அந்த நினைப்போடுதான் சென்ற ஆண்டு புதுச்சேரியில் உள்ள ஒரு ரீமேப் பட்டறைக்குப் போனேன். எஞ்சினை இயக்கும் மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டுவதுதான் ரீமேப்.

உரிமையாளர் மேசைக் கண்ணாடிக்கு அடியில், நேர்கோட்டில் 402 மீட்டர் ஓடும் டிராக் பந்தயத்தின் சீட்டு ஒன்று இருந்தது. தாங்கள் தயார் செய்த கார் என்றும் 250 குதிரைத்திறன் என்றும் சொன்னார். இருக்கைகளைக் கழற்றிய பிறகு ஓட்டுநரோடு சேர்த்து எடை ஏறக்குறைய 1,020 கிலோ என்பதும் அவர் சொன்னதுதான். 402 மீட்டர் முடிவில் அந்தக் கார் எட்டிய வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர் என்று சீட்டில் தெளிவாக இருந்தது. டிராக் ஓட்டத்தில் எடுத்துக்கொள்ளும் நேரம் டயர் பிடிமானத்தையும் ஓட்டுநரின் கைத்திறனையும் பொறுத்து மாறும். ஆனால் இறுதி வேகம் பெரும்பாலும் எஞ்சினின் திறனையும் வண்டியின் எடையையுமே காட்டும். அந்த வேகத்தை 289-ஆல் வகுத்து, வந்த எண்ணை அதனாலேயே இருமுறை பெருக்கி, பிறகு எடைக் கிலோவால் பெருக்கினால் குதிரைத்திறன் ஏறத்தாழக் கிடைத்துவிடும். அந்தக் காருக்கு வருவது 116 மட்டுமே, அவர் சொன்னதில் பாதிகூட இல்லை. இந்தக் கணக்கை நான் அறிந்துகொண்டது பணம் கொடுத்து மூன்று மாதம் கழித்துத்தான்.

சக்கரங்களை உருளைகள் மேல் ஓடவிட்டுத் திறனை அளக்கும் ரோலர் டைனோவில் வண்டியை ஏற்றி, வேலைக்கு முன்பும் பின்பும் ஓட்டி, ஒரே தாளில் இரண்டு வளைகோடுகளை அச்சடித்துக் கொடுத்தார்கள். முன்பு 64, பின்பு 120, முறுக்குவிசை 260. வெளியே எடுத்ததும் ஆக்சிலரேட்டரில் கால் பட்ட மாத்திரத்தில் வண்டி சீறியது. அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி உண்மையானது.

ஆனால் லாரிகளை முந்த எடுக்கும் தூரம் குறையவே இல்லை. ரீமேப்புக்கு முன்பே ஒரு விடியற்காலையில், மரக்காணம் பக்கம் நேரான சாலையில், அக்காள் மகன் ஸ்பீடோமீட்டரைச் செல்பேசியில் படம்பிடிக்க, நான்காவது கியரில் காலை முழுதும் அழுத்தி 60-லிருந்து 100 வரை போக ஆகும் நேரத்தை அளந்து வைத்திருந்தோம்: 11.2 விநாடி. அதே இடத்தில், அதே நேரத்தில், நாங்கள் இருவர் மட்டும் மறுபடி அளந்தபோது 10.9 விநாடி. முறுக்குவிசை 190-லிருந்து 260-க்கு ஏறியிருந்தால் குறைந்தது இரண்டு விநாடியாவது குறைந்திருக்க வேண்டும்.

அன்றிரவு அந்தத் தாளை எடுத்து, அளவுகோல் வைத்துப் பார்த்தேன். முதல் கோட்டின் அடியில் பொடி எழுத்தில் ‘சக்கரத்தில்’ என்றும் இரண்டாவதன் அடியில் ‘கிராங்கில்’ (அதாவது எஞ்சின் தண்டிலேயே) என்றும் பொருள்படும் சொற்கள் இருந்தன. கியர்பாக்ஸிலும் அச்சுகளிலும் சக்தி ஓரளவு இழக்கப்படுவதால், கிராங்கில் 75 உள்ள வண்டி சக்கரத்தில் 64 காட்டுவது இயல்பே. வெவ்வேறு இடத்தில் எடுத்த இரண்டு அளவுகளை ஒரே தாளில் அருகருகே போட்டு, வித்தியாசத்தைத் தங்கள் வேலையின் பலனாகக் காட்டியிருந்தார்கள். அதைவிடப் பெரிய தவறு, 4,000 ஆர்.பி.எம். கோட்டில் இருந்தது. முறுக்குவிசையை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 7,024-ஆல் வகுத்தால் வருவதே குதிரைத்திறன். இது டைனோவுக்கு டைனோ மாறாது. தாளில் அந்த இடத்தில் முறுக்குவிசை 150. கணக்குப்படி 85 வர வேண்டிய இடத்தில் 120 என்று அச்சாகியிருந்தது. கருவி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கணக்கிட்டுத்தான் கோடு போடும் என்பதால் இவை தாமாக முரண்பட வழியில்லை. யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

சென்னையில் வேறொரு மெக்கானிக், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவின் மென்பொருளை வாசித்துப் பார்த்தார். டீசல் அளவிலும் டர்போ அழுத்தத்திலும் மாற்றம் எதுவும் இல்லை; ஆக்சிலரேட்டர் பெடலுக்கான அட்டவணை மட்டும் மாறியிருந்தது. பாதி அழுத்தினால் முக்கால் அழுத்தியது போல எஞ்சின் பதில் சொல்லும். முழுதும் அழுத்திவிட்டால் பழைய எஞ்சின்தான். வெளியே எடுத்த அன்று சீறியதன் காரணமும், மரக்காணத்தில் கடிகாரம் அசையாததன் காரணமும் அப்போதுதான் விளங்கின.

பட்டறையில் கேட்டபோது, “சார், நம்ம ஊர் வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும், டீசலும் சரியில்ல” என்றார்கள். பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். ரசீதில் ‘எஞ்சின் சர்வீஸ்’ என்று மட்டும் எழுதியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ரீமேப் என்றும், எந்த அளவு எங்கே எடுக்கப்பட்டது என்றும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். முன்னும் பின்னும் சக்கர அளவையே கேளுங்கள். மாற்றுவதற்கு முன் இருந்த மென்பொருளின் நகலையும் கேட்டுப் பெறுங்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதிந்தேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால், பட்டறை புதுச்சேரியில் இருந்தாலும் கடலூர் மாவட்ட ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். டைனோ தாள், ரசீது, இரண்டு காணொளிகள், சென்னை மெக்கானிக்கின் எழுத்துப்பூர்வ அறிக்கை ஆகியவற்றை இணைத்துள்ளேன். உங்களிடமும் இப்படி ஒரு தாள் இருந்தால், 4,000 ஆர்.பி.எம். கோட்டில் முறுக்குவிசை எவ்வளவு என்று இன்றே பாருங்கள்.