நெடுநேர மெதுஓட்டமா, மூச்சுமுட்டும் வேகமா: நாற்பதுக்கு மேல் இதயத் தமனிக்கு எது?

சும்மா உட்கார்ந்திருப்பதைவிட இரண்டுமே மேல். அதில் பேச ஒன்றுமில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டும் எந்த வழியிலும் இறங்கும். நேரம் இல்லாதவருக்கு வேக இன்டர்வெல்தான் லாபம். 4 நிமிடம் கடுமையாக, 3 நிமிடம் லேசாக, இப்படி நான்கு சுற்று. வார்ம்-அப் உட்பட 40 நிமிடத்தில் முடிந்துவிடும். அதே நேரத்துக்குள் நெஞ்சுத்திறனைக் (உடலுக்கு ஆக்சிஜன் ஊட்டும் திறனை) கூட்டுவதில் மெதுஓட்டம் அதற்கு ஈடாகாது. ஆனாலும் தமனிச் சுவரை மட்டும் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு மெதுஓட்டத்துக்குத்தான்.

காரணம், நெதர்லாந்தில் நடுத்தர வயது ஆண் விளையாட்டு ஆர்வலர்களை சிடி ஸ்கேனில் பார்த்த மார்க் (MARC) என்ற ஆய்வு. 2017-இல் வந்த முடிவு ஓட்டக்காரர்கள் பலரைக் கலக்கியது. வாரம் 2000 மெட்-நிமிடத்துக்கு மேல் உழைத்தவர்களில் 68 சதவீதம் பேருக்குத் தமனியில் கால்சியம், அதாவது சுவரில் கொழுப்புப் படிவு இருப்பதன் அடையாளம், இருந்தது; 1000-க்குக் கீழே இருந்தவர்களில் 43 சதவீதம்தான். (மெட் என்பது ஓய்வைவிட உடல் எத்தனை மடங்கு உழைக்கிறது என்ற அளவு. மணிக்கு 8 கி.மீ. ஓட்டம் சுமார் 8.3 மெட். அதை நிமிடத்தால் பெருக்கினால் மெட்-நிமிடம்: நாளுக்கு 40 நிமிடம், வாரம் 5 நாள் என்றால் 1660.)

அதே ஆட்களை ஆறு ஆண்டுக்குப் பிறகு மறுபடி ஸ்கேன் செய்தபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. எவ்வளவு உழைத்தார்கள் என்பதற்கும் கால்சியம் ஏறியதற்கும் தொடர்பே தெரியவில்லை. எவ்வளவு கடுமையாக என்பதற்குத் தெரிந்தது. 6 முதல் 9 மெட் வரையிலான உழைப்பின் பங்கு கூடியவர்களுக்கு ஏற்றம் குறைவு. 9-க்கு மேற்பட்டதன் பங்கு கூடியவர்களுக்கு ஏற்றம் அதிகம். சமதரையில் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் ஓடினாலே 9 மெட்டைத் தொட்டுவிடலாம். 6 நிமிட வேகம் 10-ஐ நெருங்கும். இது எல்லோருக்கும் பொதுவாகப் போட்ட பட்டியல் கணக்கு என்பதை மறக்க வேண்டாம். நல்ல பயிற்சியுள்ளவருக்கு 9 மெட் இயல்பான ஓட்டம், புதிதாகத் தொடங்கிய 55 வயதுக்காரருக்கு அது கிட்டத்தட்ட உச்சவரம்பு.

ஓட்டக்காரர்களிடம் காணும் கால்சியம் கெட்டிப்பட்ட படிவு, அது எளிதில் வெடிக்காது, ஆகவே பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். மார்க்கின் 2017 முடிவு அதற்கு இடம் கொடுத்தது: அதிகம் உழைத்தவர்களிடம் கெட்டியும் மென்மையும் கலந்த படிவு குறைவாகவே இருந்தது. ஆனால் 2023-இல் வெளிவந்த பெல்ஜிய ஆய்வில், வாழ்நாள் முழுக்கப் பயிற்சி செய்தவர்களிடம், ஆரோக்கியமாக வாழ்ந்த சாதாரண ஆட்களைவிட, கால்சியம் ஏறாத மென்படிவும் கூடுதலாகவே தெரிந்தது. ஆக, இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. இந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் ஐரோப்பிய ஆண்கள். பெண்களுக்கும் தெற்காசியர்களுக்கும் இதே கணக்கை அப்படியே போட எனக்குத் துணிவில்லை.

நடைமுறையில், வாரம் நான்கு நாள் 40–50 நிமிடம், ஒரு நாள் 75–90 நிமிடம், முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில். இன்டர்வெல் வேண்டுமென்றால் அந்த நான்கில் ஒன்றை அதற்கு விடலாம், அதற்குமேல் வேண்டாம். சொதப்புவது பெரும்பாலும் மெதுநாளில்தான்: கூட ஓடுபவர் முந்துவார், நாமும் துரத்துவோம், வாரம் முழுக்க வேக நாளாகிவிடும். புழுக்கமான காலையில் அதே வேகத்துக்கே நாடித்துடிப்பு ஏறும் என்பதால், வாட்ச் காட்டும் வேகத்தை விட்டுவிட்டு மூச்சைக் கவனியுங்கள்.

பயிற்சி சரியா என்று பார்க்க வருடாவருடம் கால்சியம் ஸ்கோர் (தமனிக் கால்சியத்தை ஸ்கேனில் அளந்து தரும் எண்) எடுப்பது வீண். சாதாரண கால்சியம் ஸ்கேனில் மென்படிவு தெரியாது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டாலே ஸ்கோர் ஏறக்கூடும். படிவு கெட்டிப்படுவதால் வரும் ஏற்றம் அது. எல்டிஎல் (கெட்ட கொழுப்பு), ரத்த அழுத்தம், மூன்று மாத சர்க்கரை சராசரி, இவற்றைப் பாருங்கள். மேட்டில் ஏறும்போது நெஞ்சில் இறுக்கம் வந்து, நின்றால் விட்டுப்போகிறது என்றால் எந்த ஓட்டமும் வேண்டாம், முதலில் இதய மருத்துவர். படுக்கவைத்து எடுத்த ஈசிஜி நார்மல் என்று திரும்பிவிடாதீர்கள். உழைப்பில் வரும் குறை ஓய்வில் எடுத்த ஈசிஜியில் தெரியாமலே போகலாம்.