பினாங்கு உப்புக்காற்றில் பிக்கப்: 4 ஆண்டு லனோலின் அனுபவம்

சாலைப் பனியை உருக்க உப்புத் தூவும் நாட்டுக்காரர் வண்டித் துருவுக்குச் சொல்லும் யோசனையை இங்கே அப்படியே செய்தால் பாதிக் காசு வீண். பினாங்கில் உப்பு சாலையில் இல்லை, காற்றில் இருக்கிறது. பின் தொட்டியில் ஏற்றும் மீன் பெட்டிகளிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் அதைவிட மோசம். தெலுக் கும்பார், பத்து மாவுங் பக்கம் மீன் ஏற்றி ஓடும் வண்டிகளின் டெயில்கேட், அதாவது பின் தொட்டிக் கதவின் அடி விளிம்பைக் குனிந்து பார்த்தாலே விஷயம் புரியும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் மக்னீசியமும் கலந்திருப்பதால் அதற்கு முன்பே கசியத் தொடங்கும். இங்கே இரவில் ஈரப்பதம் பெரும்பாலும் அதற்கு மேல்தான். மழை பெய்யாத நாளிலும் தகடு நனைந்தே கிடக்கிறது.

ஆகவே துரு உள்ளிருந்து வருகிறது. பெயின்டில் கொப்புளம் தெரியும்போது பின்பக்கம் எப்போதோ அரித்தாகிவிட்டது.

சோதித்தது ஒரே டபுள் கேப், அதாவது நான்கு கதவு பிக்கப் வண்டியில். வலப்புறம் பட்டறைகளில் வழக்கமாக அடிக்கும் கறுப்பு ரப்பர் அண்டர்கோட், அதாவது அடிப்பக்கப் பூச்சு; இடப்புறம் லனோலின், அதாவது ஆட்டுக் கம்பளிக் கொழுப்பு. சாலையோரத் தேங்குநீர் அதிகம் அடிப்பது இடப்புறம்தான் என்பதால் லனோலினுக்கே கடினமான பக்கம் போனது.

இரண்டாம் ஆண்டில் வலப்புறம் பார்வைக்குப் புதுசு. முன் சக்கரத்துக்குப் பின்னால் ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டினால் மட்டும் ஓரிடத்தில் சத்தம் பொள்ளலாகக் கேட்டது. விரலால் நெம்ப, உள்ளங்கை அளவுக்குத் தோல் போல உரிந்து வந்தது. அடியில் ஈரமான ஆரஞ்சுத் தூள். வெயிலில் இறுகிய ரப்பர் பூச்சு கல் பட்டு வெடிக்கிறது. வெடிப்பில் புகுந்த தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. புது வண்டியில் சுத்தமான தகட்டில் அடித்து ஆண்டுதோறும் தட்டிப் பார்த்தால் பரவாயில்லை. பழைய துரு மேல் அடித்தால், துருவுக்குப் போர்வை போர்த்தியதுதான் மிச்சம்.

லனோலின் காய்வதே இல்லை. அதன் பலமும் தொல்லையும் அதுதான். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பெட்டிக்குள் இரண்டாம் ஆண்டிலும் பிசுபிசுப்பு அப்படியே இருந்தது. சக்கர வளைவில் மட்டும் தண்ணீர் அடித்து ஆறே மாதத்தில் கழுவிப்போனது. முதல் வாரம் ஆட்டுக்கொட்டகை வாடை அடிக்கும். வெயிலில் சொட்டும், போர்டிகோவில் டைல்ஸ் இருந்தால் அட்டை விரிக்காமல் நிறுத்தினால் வீட்டில் யார் வாயில் விழுவோம் என்று தெரியும்.

அடிக்கும் முறை. பினாங்கில் மழை குறைவான ஜனவரி, பிப்ரவரி தோது. முதல் நாள் சாதாரண ஹோஸால் அடிப்பக்கத்தை நிதானமாகக் கழுவ வேண்டும். உயரழுத்த ஜெட்டை மடிப்பு விளிம்புகளில் நேராகப் பிடித்தால் உப்புநீர் இன்னும் உள்ளே போகும். பிறகு வடிகால் துளைகள்: கதவின் அடியில், சில்லின் கீழ் மடிப்பில், டெயில்கேட் அடியில். கம்பியால் குத்தினால் துளை விளிம்பில் பெயின்ட் பெயர்ந்து துரு அங்கேயே தொடங்கும். பிளாஸ்டிக் கேபிள் டையை நுழைத்து ஆட்டினால் போதும், அடைத்த மண் கொட்டும். இதற்குக் காசே கிடையாது. பூச்சு எதுவும் வாங்காதவரும் இதை மட்டுமாவது செய்யலாம்.

ஒரு முழு நாள் காயவிட்டு, சுற்றிலும் தெளிக்கும் நுனி கொண்ட வளைகுழாயை சில்லின் கடைசிவரை விட்டு, தெளித்துக்கொண்டே மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். கீழ்த் துளையில் சொட்டு வந்தால் அந்தப் பகுதி நிறைந்தது. இரண்டு சில், நான்கு கதவு, டெயில்கேட், பின் வளைவுகளின் உள்மடிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சுமார் 2 லிட்டர் பிடித்தது. முடிந்ததும் துளைகளை மறுபடி திறந்துவிட மறக்கக்கூடாது. பிரேக் டிஸ்க், எக்ஸாஸ்ட், கதவு ரப்பர் ஆகியவற்றில் படக்கூடாது. சில வகை ரப்பர் கொழுப்பில் ஊறி வீங்கும்.

ஏற்கெனவே கொப்புளித்த இடத்துக்கு லனோலின் வைத்தியம் இல்லை. 80 நம்பர் உப்புத்தாளால் உதிரும் துருவை எடுத்து, 180ஆல் ஓரத்தைச் சரித்து, மிச்சத் துருவைக் கறுப்புப் படலமாக மாற்றும் ரஸ்ட் கன்வர்ட்டர் தடவி கறுத்துக் காய்ந்த பிறகு எபோக்சி பிரைமர் இரண்டு கோட், அதன் மேல் பெயின்ட். கிரைண்டரை நல்ல தகட்டுக்குள் ஓட விடாதீர்கள்: துத்தநாகப் பூச்சுள்ள தகடாக இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். ஸ்குரூடிரைவர் நுனி உள்ளே இறங்கினால் வெட்டி ஒட்டும் வேலைதான்; புட்டி வைத்து மறைத்தால் பின்னால் அரிப்பு தொடரும்.

பேட்டரியில் மாட்டும் மின்னணுத் துரு தடுப்புப் பெட்டிக்குப் பணம் போட மனம் வரவில்லை. கப்பலில் மின்சாரப் பாதுகாப்பு வேலை செய்யக் காரணம், கடல்நீர் இடைவிடாமல் சுற்றை முடித்து வைக்கிறது. காற்றில் நிற்கும் கதவுக்கு அப்படி ஒரு தொடர்பு கிடையாது.

இப்போது வலப்புற ரப்பரை முழுவதும் சுரண்டிவிட்டு இரு பக்கமும் லனோலின்தான். உள்பொந்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, சக்கர வளைவுக்கு ஆறு மாதம். மட்ஃபிளாப் திருகைக் கழற்றி அதன் துளையிலும் ஒரு துளி விட வேண்டும். 4 ஆண்டில் இடப்புறம் துரு பிடித்த ஒரே இடம் அந்தத் துளை.