மகளின் சிலம்ப வகுப்பு: சேர்க்க நினைப்பவர்களுக்கு

மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது சிலம்பத்தில் சேர்த்தோம். இப்போது ஏழாவது. மதுரையில் பிள்ளையை எங்கே சேர்க்கலாம் என்று பலரும் கேட்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இது.

ஆரம்பத்தில் பல வாரங்கள் காலடி, அதாவது கால் மாற்றி வைக்கும் பயிற்சி மட்டும்தான். “எப்ப சார் கம்பு குடுப்பீங்க?” என்று கேட்டுச் சலித்துப்போய் நிறைய பேர் நின்றுவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். கால் சரியாக மாறாவிட்டால் சுற்றுகிற கம்பு தன் முழங்காலையே பதம் பார்க்கும். மகளுக்கு வலது கை சீக்கிரம் வந்துவிட்டது. இடது கையில் மணிக்கட்டுக்குப் பதிலாக முழங்கையே சுழன்றது. ஆசான் முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்ற வைத்தார். அது பழக ஒரு கோடை விடுமுறையே போனது. இன்று இரண்டு கையிலும் கம்பு மாறுவது தெரியாமல் சுற்றுகிறாள். பார்க்கவே அவ்வளவு நிறைவாக இருக்கிறது.

கம்பு பிள்ளையின் நெற்றி உயரம் இருந்தால் போதும். வளர வளர மாற்ற வேண்டிவரும். விரிசல் விட்ட மூங்கில் கையைக் கிழித்துவிடும் என்பதால் அடிக்கடி துணியால் நீவிப் பாருங்கள், சிலாம்பு இருந்தால் நூல் மாட்டும்.

போட்டிகளில் தனித்திறமை (தனியாகச் சுற்றிக் காட்டுவது), தொடுமுறை என்று பிரிவுகள் உண்டு. தொடுமுறையில் எதிராளி உடம்பில் கம்பு பட்டால் புள்ளி. தலைக்கவசம் இல்லாமல் இறக்கவே கூடாது.

அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத இட ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்தபிறகு மைதானத்தில் கூட்டம் கூடிவிட்டது. கூடவே ‘உலக சாதனை’ வியாபாரமும். முதலில் நாங்கள் சேர்த்த இடத்தில் டி-ஷர்ட்டுக்கும் சான்றிதழுக்கும் பணம் வாங்கிக்கொண்டு, பிள்ளைகளை வெயிலில் மணிக்கணக்காகச் சுற்றவிட்டார்கள். அந்தத் தனியார் சான்றிதழ் இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. அப்புறம் வேறு ஆசானிடம் மாற்றினோம்.

சேர்க்கும் முன் ஒரு சாயங்காலம் போய் ஓரமாக நின்று பாருங்கள். பிள்ளைகளுக்கு நடுவே கம்பு சுழலும் அளவுக்கு இடம் விடுகிறார்களா, புதிதாக வந்த பொடியனின் காலடியையும் ஆசான் கவனிக்கிறாரா என்று தெரிந்துவிடும். பெண் பிள்ளை என்றால் மைதானத்தில் விளக்கும் கழிப்பறையும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். எங்கள் மைதானத்தில் கழிப்பறை கிடையாது. பெரிய வகுப்புக்குப் போனதும் பெண்கள் நின்றுவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.